வழித்தாள்

வியாழக்கிழமையே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டேன்,
தனியாக, பழைய எண்ணூறில்.
பக்கத்து இருக்கையில் பரீட்சை அட்டை, பென்சில்,
ஆறாம் வளைவுக்குள் நமுத்துப்போன
ஒரு தட்டுவடை செட்.

ஞாயிறு. அஸ்தம்பட்டி. ஐந்து நாற்பது.
ஐந்து நாற்பது என்றால் ஆறு அல்ல.
பெட்ரோல் முதல்நாள் இரவே போட்டிருக்க வேண்டும்.
அர்த்தநாரி, இந்த வரி உனக்காக.
அடிவாரச் சாவடியில் ஹாரன் வேண்டாம்.
ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிடும்;
விடாவிட்டால் நாம் விட்டுவிடலாம்.

சேகோ ஆலையில் கணக்கெழுதும் கை இது,
எதையும் கட்டம் போட்டுத்தான் எழுதும்.
பதினாலு வண்டி, பதினாலு கட்டம்.
மெதுவான வண்டிதான் முதலில்:
தாவூத்தின் பத்மினி பாதி மலையில் கொதிக்கும்,
அதற்குப் பதினொன்றாம் வளைவில் நிழலும்
ஒரு குடம் தண்ணீரும்.
டாக்டர் இன்பவல்லியின் கான்டெஸா
ஒரே மூச்சில் திரும்பாது, பின்னால் வருகிறவர்
இரண்டு வண்டி நீளம் விடவும்.
ஜெரால்டின் புது வண்டிக்கு எல்லாம் தெரியும்,
ஜெரால்டுக்கு இரண்டாம் கியர் தெரியாது.
'இறங்கும்போது' என்று எழுதி
இரண்டு முறை அடிக்கோடு இட்டேன்.

எட்டாம் வளைவுக் கண்ணாடியை
எந்த லாரியோ தட்டிவிட்டுப் போயிருக்கிறது.
அது இப்போது சாலையைப் பார்ப்பதில்லை,
மேகம் பார்க்கிறது.
எட்டு: கண்ணாடியை நம்பாதே.

ஏற்காடு தாண்டி, குப்பனூர் இறக்கத்துக்கு முன்,
இடப்பக்கம் ஒரு கிளைச் சாலை.
அந்த மூன்று கிலோமீட்டரைக் கட்டத்தில் எப்படி எழுதுவது?
இருபுறமும் சில்வர் ஓக், உடம்பெல்லாம் மிளகுக்கொடி.
சாலை காப்பிச் செடிகளுக்குள் நுழைந்து
எங்கே கிளம்பினோம் என்பதையே மறந்துபோய்
திடீரென்று ஒரு பள்ளத்தாக்கின் விளிம்பில் வெளிவருகிறது.
ஸ்டீயரிங்குக்கு இரண்டு விரல் போதும்.
பத்து வருஷமாக இந்தச் சாலைக்காகத்தான்
ஞாயிற்றுக்கிழமைகளைத் திட்டமிட்டுக்கொண்டிருந்தேன் போல.

கடைசித் திருப்பத்தில் பாதிச் சாலைக்கு மிளகு.
தார்மேல் தார்ப்பாய்,
அதன்மேல் பச்சை கறுத்துக்கொண்டிருந்தது.
காலால் கிளறியபடி ஒருத்தி.
நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தன வண்டி?"
"பதினாலுங்க."
"கல்யாணமா, காரியமா?"
"ரெண்டும் இல்லைங்க. சும்மா ஓட்டிப் பாக்க."
"சும்மாவா?"
அந்த வார்த்தையில் கல் இருக்கிறதா என்று
புடைத்துப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
கோபமில்லை.
"வெயில் வந்ததும் விரிச்சிருவோம்.
நீங்க வர்றப்ப சுருட்டிக்கிறோம், பரவால்ல."

ஒருமுறை சுருட்ட, ஒருமுறை விரிக்க.
பதினாலும் ஒன்றாக வந்துசேராது என்பது
எனக்குத்தானே தெரியும்.

வீட்டுக்கு வந்து மூன்று கிலோமீட்டரை
ரப்பரால் அழித்தேன்.
தாளில் கொஞ்சம் சாம்பல் தடம்.
அதன்மேலேயே எழுதினேன்:
நேராகப் போகவும்.

ஞாயிறன்று நான் கடைசி வண்டி.
வழி போடுகிறவளுக்கு அதுதான் இடம்.
மலையைப் பார்க்க வாய்க்காது, பார்த்ததெல்லாம்
கான்டெஸாவின் பின்விளக்கு.
ஆனால் கொண்டை ஊசியில் ஒரு வினோதம் உண்டு:
வரிசையின் தலை வாலுக்கு எதிராக வரும்.
மரங்களுக்கிடையே, ஒரு மாடி உயரத்தில்,
தாவூத் கையை ஆட்டிக்கொண்டு போனார்,
நான் இனிமேல்தான் போகவேண்டிய இடத்திலிருந்து.

பதினான்காம் வளைவில் பெட்ரோல் தீர்ந்து
அர்த்தநாரி நின்றான்.
யாருக்கும் ஆச்சரியமில்லை.

கொட்டச்சேட்டில் டீ குடிக்கும்போது ஜெரால்டு சொன்னான்,
"நல்ல ரூட்தான் அக்கா,
ஆனா அப்படி ஒண்ணும் புதுசா இல்ல."
டீயை ஊதினேன்.
பனி விலகி முழங்கால்வரை வெயில் வந்துவிட்டிருந்தது.
இந்நேரம் விரித்திருப்பாள்.